வெளிநாட்டில் விற்கப்போகும் வேக்குவம் கிளீனரை எப்படி மாற்றியமைப்பது

தொலைக்காட்சிப் பெட்டி எந்த நாட்டு வீட்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. வேக்குவம் கிளீனர் அப்படியன்று. அது ஓடும் தரை, அதற்கு மின்சாரம் தரும் சுவர், அதை எடுத்துவைக்கும் அலமாரி, அதைத் தள்ளும் கையின் பலம் எல்லாமே நாட்டுக்கு நாடு மாறுகின்றன. அதனால் ஒரு சந்தையில் நன்றாக விற்கும் இயந்திரத்தின் அட்டைப்பெட்டியில் மொழியை மட்டும் மாற்றிக் கப்பலேற்றும் நிறுவனம், பின்னர் அதே பெட்டிகளைத் தள்ளுபடி விலையில் தள்ளிவிட வேண்டிய நிலைக்கு வருவதுண்டு. சிறிய அல்லது நடுத்தர அளவில் வேக்குவம் கிளீனர் தயாரிப்பவருக்கும், வேறொருவர் தயாரித்ததைத் தம் பெயரில் வெளிநாட்டில் விற்க நினைப்பவருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்பட்டது. பெரும்பாலோர் மோட்டாரின் வாட் அளவில் தொடங்கித் தரையில் முடிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து: முதலில் தரை, அடுத்து மின்சாரம், பிறகு சட்டம். விளம்பரத்தில் போட வேண்டிய எண் இவை மூன்றும் முடிந்த பிறகே தெரியவரும்.

தரை

அமெரிக்க வீடுகளில் படுக்கையறையையும் கூடத்தையும் சுவர் முதல் சுவர் வரை கம்பளத்தால் மூடுவது நெடுங்கால வழக்கம். கம்பள இழைகளுக்கு அடியில் இறங்கிவிட்ட மணலை வெறும் காற்றோட்டம் மேலே கொண்டுவராது. சுழலும் தூரிகை ஒன்று இழைகளைத் தட்டிப் பிரித்தால்தான் அது எழும்பும். ஒஹாயோ மாநிலத்தில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர் 1908இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலேயே அத்தகைய தூரிகை இருந்தது. அந்த உரிமையை வாங்கிய வில்லியம் ஹூவரின் நிறுவனம் வளர்ந்ததோடு, நின்றபடியே தள்ளும் அப்ரைட் வடிவமும் அமெரிக்க வீட்டின் வழக்கமாகிவிட்டது. அங்கே சுழல் தூரிகை இல்லாத இயந்திரத்தை விற்க முயல்வது வீண். ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் நகரிலுள்ள கார்ப்பெட் அண்ட் ரக் இன்ஸ்டிடியூட், ஓர் இயந்திரம் எவ்வளவு மண்ணை எடுக்கிறது, எடுத்த தூசியை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறதா, கம்பளத்தின் இழையைக் கெடுக்கிறதா என்ற மூன்றையும் சோதித்து முத்திரை தருகிறது. அமெரிக்காவில் பெயர் தெரியாத ஒரு புதிய பிராண்டுக்கு இந்த முத்திரை விளம்பரச் செலவைவிட அதிகம் உதவும்.

ஜப்பானில் கதையே வேறு. செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுகிறார்கள், அறைகள் சிறியவை, தரை பெரும்பாலும் மரம், சில அறைகளில் தத்தாமிப் பாய். அமெரிக்கக் கம்பளத்துக்காக வடிவமைத்த முரட்டுத் தூரிகை தத்தாமியின் கோரையைப் பிய்த்துவிடும் என்பதால், தூரிகை மென்மையாகவும் வேண்டாதபோது நிறுத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எடை குறைவாக இருப்பதும், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில் ஓசை அடங்கியிருப்பதும் அங்கே உறிஞ்சும் வேகத்துக்கு நிகராக மதிக்கப்படுகின்றன. பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகளைச் செய்து உருவாக்கிய, தூசிப் பை தேவைப்படாத இயந்திரத்துக்குப் பிரிட்டனில் ஆதரவு கிடைக்காமல் போனபோது, 1986இல் அதை ஜி-ஃபோர்ஸ் என்ற பெயரில் விற்றது ஒரு ஜப்பானிய நிறுவனம்தான். மிக உயர்ந்த விலையில் அது அங்கே விற்றது. ஆனால் அந்த வெற்றியை நம்பித் தன் பெரிய இயந்திரங்களையே தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்காமல், ஜப்பானிய வீட்டின் அளவுக்கென்றே டிசி12 என்ற சிறிய இயந்திரத்தை டைசன் நிறுவனம் 2004இல் அந்நாட்டுச் சந்தையில் இறக்கியது.

வளைகுடா நாடுகளில் விருந்தினரை அமர்த்தும் மஜ்லிஸ் கூடத்தின் பெரிய கம்பளமும், கதவு ஜன்னலை எப்படி மூடினாலும் உள்ளே வந்துவிடும் நுண்மணலும் சேர்ந்து, பீப்பாய் வடிவிலான பெரிய டிரம் இயந்திரத்தை வழக்கமாக்கியிருக்கின்றன. ஹிட்டாச்சி, பானசோனிக் போன்ற ஜப்பானிய நிறுவனங்களே தங்கள் நாட்டில் கைக்கடக்கமான இயந்திரத்தையும் வளைகுடாவில் 2,000 வாட்டைத் தாண்டும் டிரம்மையும் விற்பது கவனிக்கத்தக்கது. நுண்மணல் வடிகட்டியின் துளைகளைச் சீக்கிரம் அடைத்துவிடும். எனவே அங்கே அனுப்பும் இயந்திரத்தில் வடிகட்டியின் பரப்பையும் தூசிக் கலத்தின் கொள்ளளவையும் பெருக்க வேண்டும், வடிகட்டியைத் தட்டியோ கழுவியோ மீண்டும் பயன்படுத்த வழி வேண்டும்.

இந்தியாவில் மொசைக், டைல்ஸ், கிரானைட் தரைகளைத் துடைப்பத்தால் சில நிமிடங்களில் கூட்டி, ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்கள். தரைக்காக மட்டும் வேக்குவம் கிளீனர் வாங்குவோர் குறைவு. சோபா, மெத்தை, ஜன்னல் வலை, மின்விசிறி இறக்கை, உத்தரத்து ஒட்டடை, கார் இருக்கை ஆகியவற்றுக்காகவே அது வீட்டுக்குள் வருகிறது. ஆகவே இந்தியப் பெட்டிக்குள் நீளமான குழாய், பலவகை முனைகள், காற்றை வெளியே ஊதும் வசதி இவையெல்லாம் வேண்டும். ஈரத்தையும் உறிஞ்சும் வகைக்குத் தனி மதிப்புண்டு. கூட்டுவதோடு துடைக்கவும் செய்யும் ரோபோ இயந்திரங்கள் இங்கே எடுபடுவதற்கும் இதே காரணம்தான்.

புதிய சந்தைக்குப் போகுமுன் அந்நாட்டு வீடுகள் சிலவற்றுக்குள் அளவுநாடாவுடன் போய்வருவது எந்தச் சந்தை ஆய்வறிக்கையையும்விடப் பயன் தரும். கட்டிலுக்கும் சோபாவுக்கும் அடியிலுள்ள உயரம், வாசற்படியின் உயரம், ஒரு பிளக் பாயிண்டிலிருந்து அறையின் கடைசி மூலை வரையுள்ள தூரம், இயந்திரத்தை எடுத்துவைக்கும் இடத்தின் அகலம் ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். ரோபோவாக இருந்தால் கம்பள ஓரத்துக் குஞ்சங்களையும் கறுப்பு நிறக் கம்பளங்களையும் பார்க்க வேண்டும். படிக்கட்டின் விளிம்பைக் கண்டறியும் உணரி, கறுப்புத் தரையைப் பள்ளமென்று எண்ணி நின்றுவிடுவதுண்டு.

மின்சாரம்

வயர் உள்ள இயந்திரங்களில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் கொண்ட யுனிவர்சல் மோட்டாரே இருக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதை அந்த மோட்டார் பொருட்படுத்துவதில்லை; கிழக்கில் 50, மேற்கில் 60 என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும் ஜப்பானில்கூட ஒரே மோட்டார் ஓடும். வோல்ட் அளவு மாறினால் மட்டும் அது தாங்காது. அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் சுற்றிய மோட்டாரை ஐரோப்பாவின் 230 வோல்ட்டில் போட்டால் அதன் கம்பிச்சுற்று (வைண்டிங்) கருகிவிடும். அதையே ஜப்பானின் 100 வோல்ட்டில் ஓட்டினால் கருகாது, ஆனால் ஏறத்தாழ கால் பங்கு திறன் போய்விடும், வாங்கியவர் இயந்திரம் மட்டமானது என்று முடிவுகட்டிவிடுவார். 100, 120, 230 வோல்ட் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வைண்டிங் தேவை என்பதைச் செலவுக் கணக்கில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

வைண்டிங் மாறினால் வயரும் மாற வேண்டும். 900 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் எடுப்பது 4 ஆம்பியருக்கும் குறைவு. 120 வோல்ட்டில் அது 7.5, 100 வோல்ட்டில் 9. மின்னோட்டம் கூடக்கூட வயர் தடிக்கும், வயர் தடித்தால் அது சுருண்டுகொள்ளும் உருளையும் பெரிதாகும், உருளை பெரிதானால் இயந்திரத்தின் உடலை வார்க்கப் புதிய வார்ப்பு அச்சே தேவைப்படலாம். இந்தச் சங்கிலியை முன்கூட்டியே யோசிக்காத வடிவமைப்பாளர், அமெரிக்க ஆர்டர் கைக்கு வந்த பிறகு திண்டாடுவார். அமெரிக்க வீட்டின் வழக்கமான 15 ஆம்பியர் சுற்றுக்கேற்ப அங்கே விற்கும் இயந்திரங்கள் 12 ஆம்பியரைத் தாண்டுவதில்லை. அதாவது 1,440 வாட்தான் மேல்வரம்பு.

இந்தியாவுக்கு வருபவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இங்கே கூடத்திலும் படுக்கையறையிலும் கைக்கெட்டும் பிளக் பாயிண்டுகள் பெரும்பாலும் 6 ஆம்பியர்; 16 ஆம்பியர் பாயிண்ட் சமையலறையிலும், கீசர், ஏசி பொருத்தும் இடங்களிலும்தான் இருக்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்பது 1,380 வாட். அதைத் தாண்டிய இயந்திரத்துக்குப் பெரிய பிளக் வைத்தாக வேண்டும், வைத்தால் வாங்கியவர் அதைச் செருக இடம் தேடி வீடெல்லாம் அலைவார். மேலும் பாதுகாப்புத் தரநிலைகள் மோட்டாரின் சூட்டைக் குறிப்பிட்ட வோல்ட்டின் 0.94 மடங்கு முதல் 1.06 மடங்கு வரையில்தான் சோதிக்கச் சொல்கின்றன. நம் ஊர்களில் மின்னழுத்தம் அந்த எல்லைக்குள் அடங்கி நிற்கும் என்று எண்ணிக்கொண்டு வடிவமைப்பது புத்திசாலித்தனமாகாது.

பிரேசில் ஒரே நாடாக இருந்தும் இரண்டு சந்தை. ரியோ டி ஜெனிரோவில் 127 வோல்ட், பிரேசிலியாவிலும் ரெசிஃபேயிலும் 220 வோல்ட். இரண்டு வகைச் சரக்கும் கையிருப்பில் வேண்டும், பெட்டியின் மேல் வோல்ட் அளவு தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். சவூதியில் முன்பு 127 வோல்ட் வீடுகள் பரவலாக இருந்தன. இப்போது 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவருகிறார்கள்.

பேட்டரியில் ஓடும் வயரில்லா இயந்திரங்கள் இந்தத் தலைவலியில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டன. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் சார்ஜர் ஒன்றுக்குப் பிளக் முனையை மட்டும் மாற்றினால் இயந்திரம் எங்கும் ஒன்றே. வயருள்ள இயந்திரங்களை இனி உருவாக்கப் போவதில்லை என்று டைசன் 2018இல் அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கணக்குக்கும் ஓரளவு பங்கிருக்கும் என்று ஊகிக்கிறேன்.

சட்டம்

பெரும்பாலான நாடுகளில் அடிப்படை, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60335-2-2 என்ற பாதுகாப்புத் தரநிலைதான். அதன்படி ஒருமுறை முழுமையாகச் சோதித்து அறிக்கை வாங்கிவிட்டால், பல நாடுகளின் சோதனைகளுக்கு அது அடித்தளமாகும். அமெரிக்காவுக்கோ அந்நாட்டின் யு.எல். 1017 பாதுகாப்புத் தரநிலைப்படி தனியே போக வேண்டும். அங்கே சட்டத்தைவிடக் கடைக்காரர் கண்டிப்பானவர்; அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் முத்திரை இல்லாத மின்சாதனத்தைப் பெரிய கடைகள் அடுக்கில் வைப்பதில்லை. ஜப்பானில் வயருள்ள வேக்குவம் கிளீனருக்கு வட்ட வடிவ பி.எஸ்.இ. என்ற மின்பாதுகாப்புக் குறி, வயரில்லா வகையுடன் வரும் அடாப்டருக்குச் சாய்சதுர வடிவ பி.எஸ்.இ. குறி, இரண்டின் நடைமுறையும் வேறு. பிரிட்டனில் பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். சீனாவுக்கு 3சி, கொரியாவுக்கு கே.சி., ஆஸ்திரேலியாவுக்கு ஆர்.சி.எம். எனக் குறிகள் நீளும். வைஃபை உள்ள ரோபோவாக இருந்தால் ஒவ்வொரு நாட்டிலும் ரேடியோ அனுமதியும் சேரும்.

நின்று படிக்க வேண்டியது ஐரோப்பிய ஒன்றியத்தின் 666/2013 என்ற ஒழுங்குமுறை. 2014 செப்டம்பர் 1 முதல் 1,600 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டு வேக்குவம் கிளீனரை அங்கே சந்தைக்குக் கொண்டுவர முடியாது. 2017 செப்டம்பர் 1 முதல் அந்த எல்லை 900 வாட்டாக இறங்கியது. எல்லையை மட்டும் குறைத்திருந்தால் சந்தை திறனற்ற இயந்திரங்களால் நிறைந்திருக்கும். கூடவே, சோதனைக்கு இட்ட தூசியில் கம்பளத்திலிருந்து எடுக்கும் பங்கு 0.75க்கும், கடினத் தரையின் பிளவிலிருந்து எடுக்கும் பங்கு 0.98க்கும் குறையக்கூடாது, வெளியே திரும்பி வரும் தூசி 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஓசை 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், குழாய் 40,000 முறை வளைத்து அசைத்த பிறகும் உடையாதிருக்க வேண்டும், மோட்டார் 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் விதிக்கப்பட்டன. அதாவது காற்றுப் பாதையையும் முனையின் வடிவத்தையும் செம்மைப்படுத்தாமல் ஐரோப்பாவுக்குள் நுழைய வழியில்லை. பிரிட்டனின் நியூமேட்டிக் நிறுவனம் சாமர்செட்டில் தயாரிக்கும் ஹென்றி என்ற சிரித்த முகத்து இயந்திரம் 620 வாட்டில் ஓடுகிறது, பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அதைத்தான் நம்பிப் பயன்படுத்துகிறார்கள். வாட் கூடினால் தூசி கூடுதலாக வரும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு தேவையில்லை. பேட்டரி, ரோபோ, ஈரம் உறிஞ்சும் வகைகள் இந்த ஒழுங்குமுறைக்கு வெளியே உள்ளன.

இதே காலத்தில் வந்த, மின்சாரச் சிக்கனத்தைத் தரப்படுத்திக் காட்டும் ஆற்றல் முத்திரையின் கதை, சோதனை முறை எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டுகிறது. முத்திரைக்கான சோதனை தூசிக் கலம் காலியாக இருக்கும்போதே செய்யப்பட்டது. கலம் நிறைய நிறையச் சில இயந்திரங்களின் திறன் குறையும் என்பதை அது காட்டவில்லை என்று டைசன் வழக்குத் தொடுத்தது. 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த முத்திரை ஒழுங்குமுறையை ரத்து செய்தது. 2019 ஜனவரியிலிருந்து முத்திரை இல்லை. வாட் எல்லை உள்ளிட்ட நிபந்தனைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. பழைய முத்திரையைப் பெட்டியில் இன்னும் அச்சிட்டு அனுப்புவோர் அதை நீக்கிவிட வேண்டும்.

ஐரோப்பாவில் உங்கள் சார்பில் பதில் சொல்லும் பொறுப்பாளர் ஒருவரின் முகவரி பொருளில் இருக்க வேண்டும். பழைய மின்சாதனங்களைத் திரும்பப் பெறும் திட்டத்தில் விற்கும் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பு நாடு, மாதம், ஆண்டு, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை பெட்டியின் மேல் இல்லாவிட்டால் விற்க முடியாது. கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் வேண்டும். சுங்கக் குறியீடு 8508. மோட்டார் 1,500 வாட்டுக்குள்ளும் தூசிக் கலம் 20 லிட்டருக்குள்ளும் இருந்தால் 8508.11, இரண்டில் ஒன்று மீறினாலும் 8508.19. வளைகுடா டிரம் பெரும்பாலும் இரண்டாவதில் விழும்.

எண்ணும் விலையும்

ஒவ்வொரு சந்தையும் ஒவ்வோர் எண்ணை நம்புகிறது. அமெரிக்காவில் ஆம்பியரும், காற்றோட்டத்தின் திறனைக் காட்டும் ஏர் வாட்டும், ஜப்பானில் உறிஞ்சும் வேலைத்திறனைக் காட்டும் வாட்டும், இந்தியாவிலும் வளைகுடாவிலும் மோட்டார் வாட்டும் பேசப்படுகின்றன; ரோபோவும் வயரில்லா இயந்திரமும் எங்கும் உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் பாஸ்கலில் விலைபோகின்றன. பாஸ்கல் எண் பெரும்பாலும் இயந்திரத்தின் உறிஞ்சும் வாயை முழுக்க அடைத்து அளந்தது. அப்போது காற்றே ஓடாது, காற்று ஓடாவிட்டால் தூசியும் நகராது. ஆகவே பெட்டியில் அந்த எண்ணைப் போடுவதாக இருந்தால் காற்றோட்டத்தின் அளவையும் அருகில் போடுங்கள். அமெரிக்காவில் பட்டறை வேக்குவம்களின் மேல் 5, 6 குதிரைத்திறன் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 120 வோல்ட், 15 ஆம்பியர் சுற்றிலிருந்து கிடைக்கும் 1,800 வாட்டைக் குதிரைத்திறனாக்கினால் 2.4தான் வரும்! அந்த வழியில் போகாதிருப்பது நல்லது.

மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி என்று எழுதுமுன் எந்தத் தரநிலை என்பதைப் பாருங்கள். அமெரிக்க வழக்கில் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் தடுக்கப்பட வேண்டும். ஐரோப்பிய எச்13 வகைக்கு, தடுக்கக் கடினமான அளவுடைய துகளில் 99.95 சதவீதம். ஒரு சந்தைக்கான அறிக்கையை இன்னொரு சந்தையின் பெட்டியில் பயன்படுத்தக்கூடாது.

விலையை ஒப்பிடும்போது ஐரோப்பியக் கடையின் விலையிலும் இந்திய அதிகபட்ச விலையிலும் வரி அடங்கியிருக்கும், அமெரிக்கக் கடையின் விலையில் அடங்கியிருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

விற்பது

பலர் இதுவரை கையில் எடுத்துப் பார்த்திராத சாதனத்தைக் கடை அடுக்கில் வைத்து விற்பது கடினம். ஜெர்மனியின் ஃபோர்வெர்க் நிறுவனம் 1930இல் கோபோல்டு என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது கடைகளில் அது போகவில்லை; வீட்டுக்கே சென்று ஓட்டிக் காட்டத் தொடங்கிய பிறகே விற்றது, 1938இல் இத்தாலியில் ஃபொல்லெட்டோ என்ற பெயரில் இறங்கியதும் அதே முறையில்தான். இந்தியாவில் ஃபோர்ப்ஸும் சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸும் சேர்ந்து 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ், டை கட்டிய விற்பனையாளர்களை வீடு வீடாக அனுப்பி இந்தச் சாதனத்தை நடுத்தர வர்க்கத்துக்கு அறிமுகப்படுத்தியது. மெத்தையிலிருந்து எடுத்த தூசியை வெள்ளைத் துணியில் கொட்டிக் காட்டும் உத்தி இன்றும் பலிக்கிறது. இப்போது அதைக் காணொளியில் காட்டலாம். வீட்டுக்குச் சென்று விற்றால் வாங்கியவர் மனம் மாறிக்கொள்ளும் உரிமையையும் கணக்கிடுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாட்கள், அமெரிக்காவில் மூன்று வேலை நாட்கள்.

இலவசம் கொடுக்கும்போது கணக்குப் போட்டுக் கொடுங்கள். 1992இல் ஹூவரின் பிரிட்டிஷ் கிளை, 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் இரண்டு விமானச் சீட்டு என்று அறிவித்து, பின்னர் அதை அமெரிக்கப் பயணத்துக்கும் நீட்டித்தது. விமானச் சீட்டுக்காகவே வேக்குவம் கிளீனரை வாங்கியவர்கள் திரண்டனர். ஏறத்தாழ 5 கோடி பவுண்டு நட்டம். 1995இல் ஐரோப்பிய வணிகமே இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்குக் கைமாறியது.

சரக்கு போய்ச் சேரும் நாளை வீடு சுத்தம் செய்யும் பருவத்தோடு பொருத்துங்கள். ஜப்பானில் ஆண்டிறுதிப் பெருந்துப்புரவு, ஈரானில் நவ்ரூஸுக்கு முந்தைய வாரங்கள், வளைகுடாவில் ரமலானுக்கு முன், வட இந்தியாவில் தீபாவளிக்கு முன், தமிழ்நாட்டில் போகிக்கு முன் என நாட்கள் வேறுபடும்.

உதிரி பாகமும் பேட்டரியும்

முதல் கப்பலிலேயே தூசிப் பை, வடிகட்டி, கார்பன் பிரஷ், சுழல் தூரிகையின் பெல்ட், குழாய் ஆகியவற்றையும் ஏற்றுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவரின் சட்டப் பொறுப்பு இரண்டு ஆண்டுகள். அதற்குள் குழாய் கிடைக்காமல் முழு இயந்திரத்தையும் மாற்றிக்கொடுக்க நேர்ந்தால் லாபம் அதிலேயே போய்விடும். எங்கள் பையைத்தான் போட வேண்டும், இல்லையேல் வாரண்டி செல்லாது என்று அமெரிக்காவில் எழுத முடியாது. மேக்னசன்-மாஸ் எனப்படும் 1975ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டம் அதைத் தடுக்கிறது.

மாற்று பேட்டரியைத் தேவைப்படும்போது விமானத்தில் அனுப்பிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. லித்தியம் பேட்டரியைப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்லலாம் என்று காட்டும் யு.என். 38.3 சோதனை அறிக்கை இல்லாமல் எந்தச் சரக்கு நிறுவனமும் அதைத் தொடாது. கடல்வழியாக முன்கூட்டியே அனுப்பி உள்ளூர்க் கிடங்கில் வையுங்கள். கிடங்கில் நாளாக நாளாக பேட்டரி தானாக வலுவிழக்கும் என்பதால் ஓராண்டுத் தேவைக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல் இத்தகைய சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்பதால், ஒட்டி மூடிய பேட்டரியுடன் இப்போது அச்சு வெட்டுபவர் அடுத்த அச்சுக்கும் பணம் எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.